நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

ஏணி மேல் குற்றமில்லை.
மார்ச் மாதத்து ஈரக் காலணியோடு
மூன்றாம் படியில் நின்று திரும்பிப் பார்த்தது நான்தான்.
பாதி முடிந்த படகின் வயிற்றுக்குள் விழுந்தேன்,
நானே செதுக்கிய ஏராக்கட்டையின் மேல்.
சத்தம் கேட்டதும்
கட்டைதான் போயிற்று என்று பதறினேன்.
கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோர்ஸ்ஹவன் மருத்துவமனையில்
மேல்கை எலும்புக்கு ஒரு தகடு, ஏழு திருகாணி.
மயக்கம் தெளிந்து நான் கேட்ட முதல் கேள்வி:
"திருகுமுன் துளை போட்டீர்களா?"
"போட்டோம்" என்றார் மருத்துவர் ரோயி.
"எந்த அளவு?"
சொன்னார். சரியான அளவுதான்.
அதன்பிறகே அவரை நம்பினேன்.

நம்பியும் கை தொங்கியது.
கொடியில் உலரப் போட்ட கையுறை போல
விரல்கள் தரையைப் பார்த்தன.
எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு
நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை,
வளர்ந்து வந்து சேரும் என்றார்:
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர்!
என் தொழிலில் அது பெரும் பிழை.
அவ்வளவு இடைவெளி கிடைத்தால்
கடல் குடித்தனம் வந்துவிடும்.
அதற்காக ஒரு முழுப் பலகையைப்
பிடுங்கி எறிந்திருக்கிறேன்,
டும்மாஸ் திட்டத் திட்ட.

சுவர் எழுப்பி, ஆடு மேயாமல் காத்த நாலு மரத்தைத்
தோப்பு என்று சொல்லும் தீவு இது.
எனக்கு வருவதெல்லாம் நார்வே மரம்,
செத்து, அறுபட்டு, முதுகில் விலை எழுதிக்கொண்டு
கப்பலேறி வரும்.
வெட்டியது வெட்டியதுதான்.
மூச்சுப் புகாமல் பொருத்தினாலும்
இரண்டு பலகை இரண்டு பலகைதான்.
ஆறுகிற பொருளோடு எனக்குப் பழக்கமில்லை.

முறிந்த இடத்திலிருந்து
மணிக்கட்டைத் தூக்கும் தசை வரை
அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். நூற்று இருபது.
ஒரு பைன் சட்டத்தை ஜன்னலோரம் சாய்த்து
காலைக்கு ஒரு கோடு, இடது கையால்.
முதல் வாரத்துக் கோடுகள் குடிகாரன் நடை.
முப்பதாவது நிமிர்ந்து நின்றது.
இடக்கை கற்றுக்கொண்டுவிட்டது.
அதற்காக அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வாரம் இருமுறை பெர்க்டோரா வருவாள்.
என் கையை மேஜையில் கிடத்தி, "தூக்குங்கள்" என்பாள்.
தூக்குவேன்.
"புருவத்துக்கு நல்ல பலம்" என்பாள்.

அந்தப் படகு ஜூலைத் திருவிழாப் பந்தயத்துக்கானது,
ஆறு துடுப்பு.
மே மாதம் துடுப்புச் சங்கத்தார் வந்து
தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்கள்.
"எடுத்துப் போங்கள்" என்றேன், அவர்கள் வாய் திறக்குமுன்.
லாரி திரும்பும்போது டும்மாஸ் கையசைத்தான்.
நான் பட்டறைக்குள் போய்
இழைப்புளிகளுக்கு எண்ணெய் தடவினேன்,
தேவையில்லாமல், எல்லாவற்றுக்கும்.

நூற்று இருபதாவது கோடு போட்ட காலையிலும்
கை தொங்கியது. நூற்று முப்பதிலும்.
"நான் சொன்னது சராசரி" என்றார் மருத்துவர்.
சராசரியை வைத்து யாரும் படகு கட்டுவதில்லை.

பந்தயத்தன்று துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தோம்.
எங்கள் ஊர்ப் படகு நான்காவதாக வந்தது.
கீழே நாலு பலகை என்னுடையவை.
ஐந்தாவது, கிளாக்ஸ்விக் தச்சர் வைத்தது.
தூரத்திலிருந்தே தெரிந்தது,
என்னுடையதைவிட ஒரு மயிரிழை நேர்த்தி.
வயிறு எரிந்தது.
அப்போதுதான், மடியில் கிடந்த மணிக்கட்டு
ஒரு மரச்சீவலின் கனத்துக்கு எழுந்து
விழுந்தது.

டும்மாஸ் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கோடு போட
பென்சிலை வலக்கையில் வைத்தேன்.
நழுவிப் பட்டறைக்கடியில் உருண்டது.
மண்டியிட்டுத் துழாவி எடுத்து
மறுபடி அதன் கையிலேயே கொடுத்தேன்.